எண்ணி முடியாத நாலுமணிப் பூக்கள்

பேசாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெறும் ஆசிரியை திருமதி மனோன்மணி சீவரத்தினம் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் ஊழியர்களும் உளமுவந்து அளிக்கும் பாராட்டு மடல்

வயல்சூழ் பெருநிலத்தில் பிறந்து, அலைசூழ் தீவகத்தில் அறிவை விதைத்த ஆசிரியப் பெருந்தகையே! கடலோடிகளின் பிள்ளைகளுக்குக் கலமும் கருவும் காட்டிக் கற்பித்த கனிவே! கண்டதைக் கண்டபடி சொல்லவும், காணாததைக் காணவில்லை என்று சொல்லவும் எங்களுக்குக் கற்றுத்தந்த கண்ணியமே! பூவின் நிறத்தில் பரம்பரையின் புதிரைப் படித்துக் காட்டிய புலமையே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மனோன்மணி ரீச்சரே! இருகரம் கூப்பி வணங்கி, இம்மடலை உங்கள் முன் விரிக்கின்றோம்.

ஆதாரம் கேட்டுப் பழக்கியவரே!

மேலேயுள்ள பத்தியை எழுதி முடித்தபோதே எங்களுக்கு வியர்த்துவிட்டது. இம்மடலை வரையும் பொறுப்பு தமிழ்ப் பாட ஆசிரியர் பெனடிக்ற்றின் தலையில் விழுந்தது. அவரும் உங்கள் வகுப்பில் இருந்து படித்தவர்தான். பாராட்டுரை எதையாவது மேடையில் கேட்டால் நீங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து என்ன சொல்வீர்கள் என்று அவருக்குத் தெரியும். "வடிவாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஆதாரம் எங்க?" என்பீர்கள். ஆகவே, கனிவே, கண்ணியமே என்று நாங்கள் அள்ளி வீசிய அடைமொழிகளுக்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டிய நிலையில் நிற்கின்றோம். அதற்காக உங்கள் பணிக்காலம் முழுவதையும் அடுக்கிச் சொல்லி இச்சபையை உறங்கவைக்கப் போவதில்லை. ஒரே ஒரு பூப்பாத்தியின் கதையைச் சொல்கிறோம். அதில் எல்லாம் அடக்கம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் நீங்கள் இங்கு வந்தபோது, நெற்றியில் திருநீற்றோடு ஒரு ரீச்சர் வந்திருக்கிறா, மீன் வாடைக்கு மூன்று மாதம் தாக்குப்பிடிப்பாவோ என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். நானாட்டான் பக்கத்தில் நெல்லுக்குள் வளர்ந்த பெண்ணுக்குக் கருவாட்டுப் பந்தலுக்கு அருகே பள்ளிக்கூடம். மூன்று மாதம் கழித்து, பாரைக்கும் விளைமீனுக்கும் செதிலில் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்க, வகுப்பில் இருந்த, வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியின் மகனே விழித்தானாம். அதன்பிறகு வாடையைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை.

வெயிலில் பூவுக்குப் பை கட்டியவரே!

அக்காலத்தில் நம் பாடசாலையில் உயர்தர உயிரியல் வகுப்பு இல்லை. சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்த பையன்களைத் தகப்பன்மார் பட்டணத்து விடுதியில் சேர்த்தார்கள். பெண்பிள்ளைகளை எவரும் அனுப்பவில்லை. அவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மீன் கீறவும் உப்பிடவும் போனார்கள். அப்படிப் போகவிருந்தவர்களில் ஒருத்தி செலீனா. மதலேனா அக்காவின் மூத்த மகள். அவளுக்காகவும் அவளோடு இருந்த ஏனைய பெண்களுக்காகவும் நீங்கள் உயிரியல் வகுப்புக் கேட்டுக் கல்விக் கந்தோருக்கு நடந்தீர்கள். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் உயிரியல் வகுப்பா என்று கேட்டார்கள். ஆய்வுகூடம் இருக்கிறது, வந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வந்த பிறகுதான் அதிபர் அந்தோனிமுத்து ஐயாவிடம், கிணற்றடி மண்ணில் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டீர்கள்!

அம்மண்ணில் நீங்கள் நட்டது நாலுமணிப்பூ. அந்திமந்தாரை என்று நூலில் எழுதுவார்கள். உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற சிவப்பு ஒன்று, எங்கள் கோயில் மதிலோரம் நின்ற வெள்ளை ஒன்று. இரண்டையும் மணமுடித்து வைத்து, பிள்ளை என்ன நிறத்தில் பிறக்கும் என்று காட்டுவதாக வகுப்பில் அறிவித்தீர்கள். ஊரிலோ, ரீச்சர் பூவுக்குக் கலியாணம் பேசுகிறா என்று செய்தி போயிற்று.

அந்தக் கலியாணத்தைச் செய்துவைக்க நீங்கள் பட்ட பாட்டை அன்றைய மாணவர்களாகிய எங்களில் பாதிப்பேர் கண்ணால் கண்டோம். பூ தானாக விரிந்துவிட்டால் தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொள்ளும். ஆகையால் விரியுமுன், பிற்பகல் இரண்டு மணி வெயிலில், மொட்டை மெல்லப் பிளந்து மகரந்தக்கூடுகளைக் கிள்ளி எடுக்கவேண்டும். அந்தியில் மற்றதன் மகரந்தத்தைத் தொட்டுவைத்த பின், அந்துப்பூச்சி வந்து வேறு மகரந்தம் சேர்க்காதபடி பூவுக்குப் பை கட்டவேண்டும். பைக்குத் துணி எங்கே? படுக்கைக்கு மேல் கட்டும் பழைய நுளம்புவலையைக் கிழித்துப் பிள்ளைகளே தைத்தார்கள். வலை பொத்தும் ஊசியால், வலை முடிச்சுப் போட்டு, விரல் நுனி அளவில் பைகள். "இப்பிடி முடிச்சுப் போட எனக்குத் தெரியாது பிள்ளையள், நீங்கள்தான் எனக்குக் காட்டித் தரவேணும்" என்று நீங்கள் மணலில் குந்தியிருந்தீர்கள். உங்கள் ஊருக்குப் போகும் மூன்றரை பஸ்ஸை விட்டுவிட்டு, பூக்கும் காலம் முழுவதும் மதலேனா அக்கா வீட்டில் தங்கினீர்கள்.

நிறைவில்லா ஆட்சியும் இணையாட்சியும் எங்களுக்கு விளங்கியது அந்தப் பாத்தியருகில்தான். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து, இரண்டுமல்லாத இளஞ்சிவப்பில் பிள்ளை பூத்தால், ஒன்று மற்றதை முழுதாக ஆளவில்லை, அது நிறைவில்லா ஆட்சி. சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் ஒரே பூவில், ஒன்றையொன்று மறைக்காமல், இரண்டும் தெரிய நின்றால், அது இணையாட்சி. இதைச் சொல்லிவிட்டு, "விளங்கினதோ?" என்று கேட்பீர்கள். ஓம் என்று தலையாட்டியவனிடம் மட்டும்தான் கேள்வி கேட்பீர்கள்!

நாலு மணிவரை ஓர் ஊரையே காத்திருக்க வைத்தவரே!

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் கல்வி அதிகாரி கனகரத்தினம் ஐயா பாத்தியைப் பார்க்க வந்தார். வகுப்புக் கிடைப்பதும் கிடையாததும் அவர் வாயில் இருந்தது. வெள்ளைக் காற்சட்டை, கறுத்தக் குடை, காலை பஸ்ஸில் பத்து மணிக்கு வந்து இறங்கினார். அதிபர் அவரை நேரே கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே பச்சை இலைகளுக்கு நடுவில் மொட்டுகளும், முந்திய அந்தியில் விரிந்து வாடிச் சுருண்ட இதழ்களும்தான் இருந்தன.

"இதென்ன மிஸ், பூவில்லாத பாத்தியைக் காட்டி உயிரியல் வகுப்புக் கேக்கிறியளோ?"

"நாலு மணிக்கு விரியும் ஐயா. இது நாலுமணிப்பூ."

"எனக்குக் கடைசி பஸ் மூண்டரைக்கு."

ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் மாதக்கணக்காக உழைத்து, வருகிற அதிகாரி எத்தனை மணிக்கு வருவார் என்பதை மட்டும் மறந்துபோயிருந்தது! கடல் பெருகும் நேரமும் வற்றும் நேரமும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஊர் இது. பூவின் நேரத்துக்கும் பஸ்ஸின் நேரத்துக்கும் நடுவே அரைமணி இடைவெளி இருக்கிறதென்று எவருக்கும் தோன்றவில்லை. அதிபரின் முகம் வெளிறிப்போயிற்று. உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆனால் செலீனா உங்கள் கையைப் பார்த்திருக்கிறாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்ததாம்.

அதன்பின் நடந்ததை இவ்வூர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அதிகாரிக்கு மதலேனா அக்கா வீட்டில் ஒடியற்கூழ். அதில் நண்டும் இறாலும் போட்டு, ஒரு கோப்பைக்கு மேல் ஒரு கோப்பை. அதன்பின் கரைவலை இழுப்பதைப் பார்க்க வரச்சொல்லி அழைப்பு. அதன்பின் இளநீர். அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் மதலேனா அக்கா "இன்னும் கொஞ்சம் விடட்டே ஐயா?" என்று கேட்பதுமாகப் பொழுது போயிற்று. எனினும் மூன்றரைக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கடமைக்காரர். தெருவில் பஸ் வந்து நின்றது. அவர் ஏறி முன்னாசனத்தில் இருந்துவிட்டார்.

பஸ் போகவில்லை. சாரதி சிங்கராசா அண்ணர் இறங்கி, முன்பக்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு, தலைப்பாகையால் விசிறிக்கொண்டு நின்றார். அவருடைய மகளும் செலீனாவின் வகுப்புத்தான்.

"என்ன சிங்கராசா, என்ன பிழை?"

"எஞ்சின் கொதிச்சுப் போச்சு ஐயா. கொஞ்சம் ஆறட்டும்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

சிங்கராசா அண்ணர் வெயிலைப் பார்த்தார், பள்ளிக்கூடக் கிணற்றடியைப் பார்த்தார். "ஒரு நாலு, நாலே கால் ஆகும் ஐயா" என்றார்.

சிரிக்காமல் இருக்க எவராலும் முடியவில்லை. கனகரத்தினம் ஐயாவும் கடைசியில் சிரித்துவிட்டுக் கீழே இறங்கினார். அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்த சனம் முழுவதும் இறங்கியது. தலைமன்னாரில் ஏறிய யாவாரிமார், கருவாட்டுக் கடகத்தோடு பட்டணம் போகும் பெண்கள், மடுவுக்கு நேர்த்திவைத்துப் போகும் ஒரு குடும்பம், எல்லோரும் வந்து பாத்தியைச் சுற்றி நின்றார்கள். மணி நாலைத் தாண்டியது. முதல் மொட்டு அசைந்து, முறுக்கு அவிழ்ந்து, விரிந்தது. பஸ்ஸில் வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லை ஐயா" என்று சொன்னவரே!

பாத்தியில் விரிந்தவை எல்லாம் இளஞ்சிவப்பு. அதிகாரி தலையசைத்தார், நிறைவில்லா ஆட்சி, நன்று என்றார். அதன்பின் பாத்தியின் மூலையில் யாரும் நடாமல் தானே முளைத்துத் தனியே நின்ற ஒரு செடிக்கு வந்தார். அதிலும் பூ விரிந்திருந்தது. வெள்ளை இதழில் சிவப்புத் தீற்றல். இரண்டு நிறமும் ஒரே பூவில், ஒன்றையொன்று மறைக்காமல். அதிகாரியின் முகம் மலர்ந்ததை ஊரே பார்த்தது.

"இணையாட்சி! மிஸ், இதுக்கு உதாரணம் ஒரு பள்ளிக்கூடத்திலயும் எனக்குக் காட்டினதில்லை. இது போதும். நான் வகுப்புக்கு எழுதிவிடுறன்."

அதிபர் பெருமூச்சு விட்டார். மதலேனா அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. நீங்கள் ஓம் என்று ஒரு சொல், இல்லை, ஒரு தலையசைப்புக் கொடுத்திருந்தால் வகுப்பு அங்கேயே கிடைத்திருக்கும்.

"இல்லை ஐயா" என்றீர்கள். "இது இணையாட்சி எண்டு நான் சொல்லமாட்டன்."

அந்த நேரத்தைப் பற்றிச் சிங்கராசா அண்ணர் இன்றும் சொல்வார். கொதிக்காத எஞ்சின்கூட அப்போது கொதித்திருக்கும் என்பார். அதிபர் உங்களைப் பார்த்த பார்வையை நாங்கள் எழுதாமல் விடுகின்றோம், அவர் இப்போது மேலுலகில் இருக்கிறார். செலீனா மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய படிப்பு அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் குனிந்து அதே செடியில் இன்னொரு பூவைக் காட்டினீர்கள். அது பாதி சிவப்பு, பாதி வெள்ளை. மற்றொன்று முழு வெள்ளை. வேறொன்றில் ஒரே ஒரு சிவப்புக் கீறல். "இணையாட்சி எண்டா ஒவ்வொரு பூவிலயும் ரெண்டு நிறமும் ஒரேமாதிரித் தெரியவேணும் ஐயா. இந்தச் செடியில ஒரு பூவைப்போல மற்றப் பூ இல்லை. இதில வேற ஏதோ நடக்குது. என்னெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் பேர் வைக்கேலாது."

"அப்ப எப்பிடித் தெரியவரும்?"

"இந்தச் செடியின்ர பூவுக்குப் பை கட்டி, தன்ர மகரந்தத்திலயே காய்க்க விட்டு, விதையை நட்டுப் பாக்கவேணும். இணையாட்சி எண்டா பிள்ளையளில காற்பங்கு சிவப்பு, காற்பங்கு வெள்ளை, மிச்சம் பாதி இப்பிடி ரெண்டும் சேந்தது வரும். வராட்டி நான் சொன்னது சரி. வந்தா நான் பிழை."

கனகரத்தினம் ஐயா குனிந்து அச்செடியின் பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "எவ்வளவு காலம் வேணும்?" என்று கேட்டார். ஒரு மாரி என்றீர்கள். "சரி, ஒரு மாரிக்குத் தற்காலிகமா வகுப்பை நடத்துங்கோ. எண்ணிக் காட்டினா நிரந்தரமாக்கித் தாறன்." அவர் பஸ்ஸில் ஏறியதும் எஞ்சின் ஒரே உதையில் உயிர்த்துக்கொண்டது.

அறிவியலில் நேர்மை என்று பலரும் மேடையில் பேசுகிறார்கள், ரீச்சர். ஒரு பஸ் சனத்துக்கு முன்னால், வகுப்பையும் பிள்ளைகளையும் பணயம் வைத்து, கைக்கு வந்த பரிசைத் திருப்பிக் கொடுத்து அதைச் செய்துகாட்டியவர் நீங்கள். கண்ணியமே என்று மேலே விளித்தோம் அல்லவா? அதற்கு இதுதான் ஆதாரம்.

உப்புத் தண்ணீருக்கும் சிரித்தவரே!

அந்த ஒரு மாரி வந்தது. மூலைச் செடியின் விதைகளைத் தனிப் பாத்தியில் நட்டீர்கள். முளைத்து, நாலு இலையாகி, முழங்கால் உயரத்துக்கு வந்தன. வகுப்புத் தந்த ரீச்சருக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தாய்மார் கூடிப் பேசி, நவநாள் போல முறை வைத்து, ஆளுக்கொரு அந்தியாகப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் நன்றி சொல்லி விட்டுவிட்டீர்கள். ஒரு வாரத்தில் இலை விளிம்பு கருகியது. அடுத்த வாரம் பாத்தி முழுவதும் தலை சாய்ந்தது.

என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று நீங்கள் கேட்க, மதலேனா அக்கா பெருமையோடு முன்னால் வந்தா. "வெறுந் தண்ணி ஊத்துவமே ரீச்சர் உங்கட பூவுக்கு? உப்புமீன் கழுவின தண்ணி, நல்ல கொழுத்த தண்ணி. எங்கட தென்னையைப் பாத்தனீங்கள்தானே, எப்பிடிக் காய்க்குது!"

நீங்கள் கிணற்றுக் கட்டில் அமர்ந்து சிரிக்கத் தொடங்கினீர்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். அது முழுவதும் சிரிப்பால் வந்த நீர் அல்ல என்று எங்களுக்கு வயது வந்த பிறகுதான் விளங்கியது. மறுநாள் கருகிய செடிகளைப் பிடுங்கி மேசையில் வைத்துப் பிரசாரணம் படிப்பித்தீர்கள். உப்பு வேரிலிருந்து தண்ணீரை எப்படி வெளியே இழுக்கும் என்ற கேள்விக்கு அந்த வகுப்பில் ஒருவர்கூட எப்பரீட்சையிலும் பிழைவிட்டதில்லை. மதலேனா அக்காவுக்கு உண்மையை யாரும் சொல்லக்கூடாதென்று கட்டளையிட்டீர்கள். அவ இன்று முன்வரிசையில் இருக்கிறா. இப்போது வாசித்ததை அவ கேட்டுவிட்டதற்கு எங்களை மன்னிக்கவேண்டும்.

கனகரத்தினம் ஐயா அவ்வாண்டே இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். எண்ணிக் காட்டச் சொல்லி அதன்பின் எவரும் கேட்கவில்லை. வகுப்பை நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு மாரிக்கென்று கிடைத்த வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. செலீனா அதில் படித்துப் பல்கலைக்கழகம் போனாள். சிங்கராசா அண்ணரின் மகள் தாதியானாள். ஆண்டுதோறும் பிள்ளைகள் வந்து போனார்கள். நீங்கள் மட்டும், வகுப்பு இன்னும் தற்காலிகம்தான் என்று ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் சொல்லுவீர்கள். நாங்கள் அதைப் பகிடி என்று நினைத்தோம்.

இடிந்த சுவருக்குள்ளும் முளையைத் தேடியவரே!

தொண்ணூறில் யுத்தத்தில் ஊர் உடைந்தது. சிலர் வள்ளமேறி அக்கரைக்குப் போனார்கள். சிலர் மடுமாதா கோயிலின் நிழலுக்குப் போனார்கள். நீங்கள் மடுவில் மரத்தடியில் வகுப்பு வைத்தீர்கள் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கரும்பலகைக்குப் பதில் மணலில் எழுதினீர்களாம். அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத எங்களுக்குக் கை வரவில்லை. இழந்தவர்கள் இச்சபையில் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, கதிரை மேசை இல்லை, கிணற்றில் பாதிக்குக் கல்லும் மண்ணும். நீங்கள் முதலில் போனது கிணற்றடி மூலைக்கு. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் நாலுமணிச் செடிக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு என்று எங்களுக்குப் படிப்பித்தவர் நீங்கள்தானே? கார்த்திகை மழை விழுந்து சில நாளில் பச்சை முளை ஒன்று எட்டிப் பார்த்தது. தை மாதத்தில் ஓர் அந்தியில் பூத்தது. வெள்ளையில் சிவப்புத் தீற்றல், பக்கத்துப் பூவில் வேறு தீற்றல். அதே செடி! எங்களில் அன்று அங்கு நின்றவர்கள் எல்லோரும் அழுதோம், அதைச் சொல்ல வெட்கமில்லை. நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பை தைக்க நுளம்புவலை இருக்கிறதா என்று கேட்டீர்கள்.

அம்முறையும் விதை நட்டீர்கள், மொட்டுவரை வந்தது. ஒரு சனி ஞாயிறில் எங்கள் தீவின் கழுதைகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கொத்திப் பதமாக்கிய மண்ணைக் கண்டு, முதுகு தேய்த்துப் புரண்டுவிட்டுப் போயின. அதன்பின் மறுபடியும் யுத்தம், மறுபடியும் பதற்றம், பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மூலைச் செடி ஆண்டுதோறும் பூத்தது, அதன் பிள்ளைகளை எண்ண மட்டும் ஒருபோதும் வாய்க்கவில்லை.

உங்களையும் எங்களையும் சேர்த்து, சிவப்பென்றும் வெள்ளையென்றும் உவமை சொல்ல இவ்விடத்தில் பெனடிக்ற் ஆசிரியருக்குக் கை துறுதுறுத்தது. திருநீறும் செபமாலையும், வயலும் கடலும் என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தார். "மனிசரைப் பூவோட ஒப்பிட்டா பரீட்சையில புள்ளி வராது" என்று நீங்கள் சொன்னதை நினைத்துக் கிழித்துவிட்டார். முப்பத்து நான்கு ஆண்டும் நீங்கள் நீங்களாகவே இருந்தீர்கள், எங்களையும் நாங்களாகவே இருக்க விட்டீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம்.

கணக்கை முடிக்காமல் போகப் பார்ப்பவரே!

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள், உங்களுக்குப் பின் இந்த வகுப்பை ஏற்கவிருக்கும் ஆசிரியை செலீனாவிடம் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அவர் அதை எங்களிடம் சொல்லிவிட்டார், கோபிக்கவேண்டாம். "பிள்ளை, அந்த ஆளுக்கு முன்னால இல்லை எண்டு சொல்லிப்போட்டன். உங்கள் எல்லாரின்ர படிப்பையும் வைச்சு விளையாடினமாதிரி. நான் சொன்னது சரியோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எண்ணாமல் போறன், அதுதான் ஒரு குறை."

ரீச்சர், அக்குறையோடு உங்களை அனுப்ப எங்களால் முடியாது. அந்த மாசியிலேயே செலீனா மூலைச் செடியின் பூக்களுக்கு நுளம்புவலைப் பை கட்டினார். வலை முடிச்சு, விரல் நுனி அளவு, அதே அளவு. விதையைக் கார்த்திகை மழையோடு ஊன்றினோம். நீங்கள் காணாமலிருக்க, பழைய விடுதிக் கட்டடத்தின் பின்புறம் பாத்தி போட்டோம். கழுதைக்கு முட்கம்பி அடித்தோம். தண்ணீர் ஊற்றும் முறையை மதலேனா அக்காவுக்குக் கொடுக்கவில்லை. செடிகள் இப்போது இடுப்பளவு நிற்கின்றன, மொட்டுப் பிடித்திருக்கின்றன. முதல் மொட்டுகள் இன்று அந்தியில் விரியக்கூடும் என்பது செலீனாவின் கணிப்பு. பிரிவுபசார விழாவைக் காலையில் வைக்காமல் பிற்பகலில் ஏன் வைத்தார்கள் என்று எங்களை நீங்கள் கடிந்துகொண்டீர்களே, காரணம் இதுதான்.

என்ன நிறம் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆளுக்கொரு ஊகம் இருக்கிறது, ஆனால் காணாததை எழுதும் துணிவு உங்கள் மாணவர்களுக்கு இல்லை. ஆகவே சட்டமிட்டு உங்களுக்குத் தரப்போகும் இம்மடலின் அடியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம். அதில் நீங்களே உங்கள் கையால் எழுதவேண்டும். நீங்கள் சொன்னது சரியென்றால் சரியென்று எழுதுங்கள். பிழையென்றால் பிழையென்று எழுதுங்கள். இரண்டில் எதுவானாலும் இச்சுவரில் மாட்ட எங்களுக்குப் பெருமைதான். அதற்குப் பிறகுதான் கண்ணாடி போடுவோம்.

ஒரே அந்தியில் எல்லாச் செடியும் பூக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இன்று சில, நாளை சில, மாசி முழுவதும் எண்ணவேண்டியிருக்கும். நீங்கள் நாள்தோறும் நாலு மணிக்கு இங்கு வரவேண்டியிருக்கும். இதையும் சேர்த்தே யோசித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

நோயணுகா உடலும் நொடியணுகா உள்ளமும் பெற்று, கணவரோடும் மக்களோடும் களிப்புற்று, உங்கள் வயல் விளையவும் எங்கள் வலை நிறையவும் கண்டு, பல்லாண்டு பல்லாண்டு நீங்கள் வாழவேண்டும் என்று மடுத் தாயையும் திருக்கேதீச்சரத்தானையும் வேண்டி நிற்கின்றோம்.

மணி நாலாகப் போகிறது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கோ, ரீச்சர். உங்கள் ஊருக்குப் போகும் மூன்றரை பஸ் வாசலில்தான் நிற்கிறது. சனம் எல்லாம் இறங்கிப் பாத்தியடிக்குப் போய்விட்டது. சாரதியிடம் சொல்லியிருக்கின்றோம், எஞ்சின் ஆறட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்கள், கல்விசாரா ஊழியர்கள்,
இன்னும் தற்காலிகமாகவே நடக்கும் உயிரியல் வகுப்பு மாணவர்கள்

பேசாலை
மாசி, 2013